பாலமுனைக்குப் போன பெட்டி

மகன், உனக்கும் ஸுமையாவுக்கும் உம்மாவின் ஸலாம். போனில் சொல்லக்கூடிய கதைதான் இது. ஆனால் சொன்னால் நீ "ம்" என்பாய், நான் மூச்சு வாங்கும் இடைவெளியில் இன்னொரு "ம்" என்பாய், பிறகு "வைக்கிறன் உம்மா" என்று வைத்துவிடுவாய். உன்னைப் பெற்றவளுக்கு இது தெரியாதா? அதனால்தான் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பொறுமையாக இருந்து வாசி. வாசித்துவிட்டு ஸுமையாவிடமும் கொடு, அவளுக்கு ஒளிக்க இதில் ஒன்றுமில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீ கல்யாணம் முடித்துப் பாலமுனைக்குப் போன பிறகு நம் வீட்டில் நல்ல அமைதி. மகன் பெண் வீட்டுக்குப் போய்விட்டான், தாய்க்காரி அழுது வீங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சனம் வந்து என் முகத்தைப் பார்த்தது. "ஊடு வெறிச்சோடிக் கிடக்கும் என்ன ராத்தா?" என்றாள் பக்கத்து வீட்டு ஜெஸீமா. "என்னத்த வெறிச்சோடி? இப்பதான் எண்ட காது காதா இரிக்கி" என்றேன். பொய்யில்லை. உன் பழைய கொம்பியூட்டர்ப் பெட்டி ஓடத் தொடங்கினால் பக்கத்தில் நெல் மில் திறந்த மாதிரி. என் தையல் மெஷினை நான் மிதித்தாலும் எனக்குக் கேட்காது. நூல் அறுந்த பிறகும் வெறும் ஊசியால் அபாயாவில் அரைவாசித் தூரம் தைத்திருக்கிறேன். அந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த ஏச்சு கொஞ்சமா? "நாசமாப் போற பெட்டி, இதத் தூக்கிக் கடல்ல போடு" என்று நான் கத்துவதும், நீ கதவை மெல்லச் சாத்துவதும் வழக்கமாகவே போயிற்று.

ஆனால் மகன், நான் ஏசியது பெட்டிக்கு. காது வைத்தது உனக்கு. நீ பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொன்னால் முதல் சொல்லிலேயே நாக்குச் சிக்கி நின்றாய், பிள்ளைகள் சிரித்தார்கள், அதோடு நீ வாயை மூடிக்கொண்டாய். வீட்டிலும் தேவைக்கு ஒரு சொல், தேவை முடிந்தால் அதுவும் இல்லை. கொழும்பில் ஒரு டொக்டரிடம் காட்டினோம், ஓதிப் பார்த்தோம், தேன் கொடுத்தோம். பிறகு ஒருநாள் சனிக்கிழமைப் பகல், கத்தரிக்கோலும் கையுமாக உன் அறையைக் கடந்து போனேன். உள்ளே யாரோ ஒருவன் மழை மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தான். "அடேய் பின்னால வாறான், குனி, குனி! நான் சுத்தி வாறன், நீ அந்த மதிலோட நில்லு!" ஒரு சொல் சிக்கவில்லை. தோஹாவிலும் ரியாத்திலும் இருக்கிற உன் கூட்டாளிகளோடு, ஹெட்செட்டை மாட்டி, பெட்டியில் சண்டை விளையாடிக்கொண்டே கதைத்தது என் மகன்தான். கதவைத் திறக்கவில்லை நான். திறந்திருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் நண்பகல் லுஹர் தொழுத பிறகு எனக்கு உன் அறைக்குப் பக்கத்தில்தான் வேலை.

இப்போது விளங்குகிறதா, நீ பெட்டியை விட்டுவிட்டுப் போகிறேன் என்றபோது எனக்கு ஏன் நெஞ்சு இடித்தது என்று? கல்யாணம் பேசி முடித்து, உங்களுக்குக் கொடுக்கும் அறையைக் காட்ட உன் மாமி நம்மைக் கூட்டிப் போனாரே, அன்றுதான் அது தொடங்கியது. நல்ல அறை, கடற்காற்று வரும் ஜன்னல். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மாமாவின் கட்டில். "நெஞ்சு ஒப்பரேஷனுக்குப் பொறகு இவர் பகல்ல கொஞ்சம் கண்ணயருவார். மத்தப்படி ஒண்டுமில்ல, எல்லாம் மாப்பிள்ளட இஷ்டம்" என்றார் மாமி. திரும்பி வந்தோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னாய். "பெ... பெட்டி இங்கயே கிடக்கட்டும் உம்மா. அங்க ச... சரிவராது. வேலைக்குப் பிளான் வரைய ஒரு லெப்டொப் போதும்."

உன் வாப்பாவுக்குச் சந்தோசம். "தொல்ல தொலஞ்சிது எண்டு விடு" என்றார். நான்தான் விடவில்லை. இத்தனை காலம் பெட்டியைக் கடலில் போடச் சொன்னவள் இப்போது கொண்டு போ என்று நிற்கிறாளே, உனக்கு விசரா என்று கேட்டார். "அவன் அதுக்குள்ளதான் மனுசனோட கதைக்கிறான்" என்றேன். "மெஷினோடயா கதைக்கிறான்?" என்று கண்ணை உருட்டினார். அவர் சனிக்கிழமைப் பகலில் வீட்டில் இருந்தால்தானே தெரியும்? போகம் முழுக்க இறக்காமத்தில் வயலும் பரணும். யானைக்கு வெடி போட்டுப் போட்டு இடது காது அடைத்தும் போயிற்று.

நம் ஊர்களில் மாப்பிள்ளைக்கு இருக்கிற மரியாதையைப் பற்றி உனக்கு ஒன்று சொல்லவேண்டும். பெண் வீட்டில் மாப்பிள்ளையிடம் எவரும் குறை சொல்ல மாட்டார்கள். நீ பெட்டியைப் போட்டு அலற விட்டாலும் மாமி "சத்தமா? அப்படி ஒண்டுமில்லையே" என்பார், மாமா தூக்கமில்லாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். நீயும் வாய் திறந்து "என்ட சத்தம் உங்களுக்குத் தொந்தரவா?" என்று கேட்கிற பிள்ளை இல்லை. இரண்டு பக்கமும் மரியாதையிலேயே செத்துப் போவீர்கள். கேட்க முடியாத இடத்தில் கேட்காமலே செய்யவேண்டும். அதைத்தான் அன்று சொன்னேன். "சத்தமில்லாத பெட்டி ஒண்டு செய்யேலாதா மகன்?" நீ என்னை ஒரு மாதிரிப் பார்த்தாய். பிறகு என் வெட்டு மேசைக்கு வந்து, சோக்கை எடுத்து, விரித்திருந்த கறுப்புத் துணியிலேயே ஒரு பெட்டி கீறினாய். அது சம்மாந்துறைக்காரியின் அபாயாத் துணி. அதைக் கழுவி எடுக்க நான் பட்ட பாடு வேறு கதை.

அன்று நீ விளக்கியது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பெட்டிக்குச் சத்தம் வருவது ஃபேனால். ஃபேன் விழுந்து விழுந்து ஓடுவது சூட்டால். சூடு வருவது குடிக்கிற கரண்டால். ஆகவே சத்தத்தைக் குறைக்க ஃபேனிலிருந்து தொடங்கக்கூடாது, கரண்டிலிருந்து தொடங்கவேண்டும். நீ ஆசை வைத்திருந்த, திரையில் படம் வரைகிற வீஜிஏ கார்ட் கரண்டை மாடு தண்ணீர் குடிக்கிற மாதிரிக் குடிக்குமாம். அதற்குக் கீழ் உள்ளது பாதிதான் குடிக்கும், விளையாட்டும் ஓடும், படத்தின் வடிவு மட்டும் கொஞ்சம் குறையும். உன் திரை ஒரு செக்கனுக்கு அறுபது படந்தான் காட்டும், பழைய பெட்டி வீணாக அதற்கு மேல் ஓடிக் களைத்தது என்றும் சொன்னாய். "அறுபதுல கட்டிப் போட்டா அதுக்கும் நி... நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி." சின்ன ஃபேன் பல போடுவதைவிடப் பெரிய ஃபேன் இரண்டு மெல்லச் சுற்றினால் அதே காற்று வரும் என்றாய். அது எனக்கே தெரிந்த கதை. ஹோலில் தொங்குகிற பெரிய ஃபேன் ஓடுவதே தெரியாது, குசினியில் இருக்கிற சின்னன் வீட்டையே தூக்கும்.

கையில் இருந்ததோ கொஞ்சக் காசு, அதுவும் கல்யாணச் செலவு போக மிஞ்சியது. எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று நீ யோசித்த விதம் எனக்குப் பிடித்தது. பழைய ப்ராசசரும் ரேமும் திரையும் நல்லாக இருக்கின்றன, அவை போதும் என்றாய். கலர் லைட் வேண்டாம், கண்ணாடிக் கதவு வேண்டாம், முன்பக்கம் வலை போட்ட சாதாரணக் கேசிங் போதும். டிக் டிக் என்று தட்டுகிற பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சத்தமே போடாத சின்ன எஸ்எஸ்டி ஒன்று. ஆனால் பவர் சப்ளையில் மட்டும் கை வைக்கக்கூடாது என்று நின்றாய். பாலமுனையில் கரண்ட் ஏறி இறங்கும், மட்டமானதைப் போட்டால் அது தானும் எரிந்து மற்றதையும் எரிக்குமாம். ப்ராசசருக்குப் பெரிய கூலர் ஒன்றும் எடுத்தாய். கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சுருக்கி, தெரியாத இடத்தில் செலவழித்தாய். பெண் வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு வேறு புத்தி நான் சொல்லவேண்டியதில்லை என்று அன்றே நினைத்தேன்.

பிறகுதான் அந்தக் கூத்து. கடையில் போய்ச் சத்தம் கேட்டுப் பார்த்து வாங்கவேண்டும், கடைக்காரனோடு பேரம் பேச ஆள் வேண்டும் என்று நீ கூட்டிப் போனது யாரை? உன் வாப்பாவை! கல்முனை மெயின் ரோட்டில் பஸ் ஹோர்ன் அடிக்க, கடை ஃபேன் தலைக்கு மேல் தடதடக்க, அவர், யாரோ பாவிச்சு விற்ற பழைய வீஜிஏ கார்ட் ஒன்றுக்குப் பக்கத்தில் காதை வைத்திருக்கிறார். அதுவும் இடது காதை. "மெஷின் ஓடுதா?" "ஓ... ஓடுது வாப்பா." "எனக்கு ஒண்டும் கேக்கல்ல. இதுதான் அசல் சாமான், கட்டச் சொல்லு." அடுத்ததையும் அப்படியே. கடையில் இருந்த எல்லாச் சாமானுக்கும் உன் வாப்பா நற்சான்று கொடுத்துவிட்டார். நீ ஒன்றும் சொல்ல முடியாமல், அந்தப் பாவிச்ச கார்டோடு வீட்டுக்கு வந்து நின்றாய். போட்டுப் பார்த்தால் கிர்ர்ர் என்கிறது. என் பழைய தையல் மெஷின் பேரிங் போன காலத்தில் அழுத அதே அழுகை. "இது ஃபேன் தேஞ்ச சாமான்" என்றேன். சிரித்தாய் நீ. நீ அப்படிச் சிரித்து எவ்வளவு நாள்.

மறுநாள் நானே வெளிக்கிட்டு வந்தேன். கடைக்காரத் தம்பி நல்ல பிள்ளை, மாற்றித் தர ஒத்துக்கொண்டான். "தம்பி, அந்தக் கதவச் சாத்துங்க, மேல ஃபேனயும் கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றேன். எல்லாரும் வேர்த்து வழிய நின்றார்கள். நான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசியில் நீ முதலிலேயே சொன்ன அந்தச் சின்ன கார்ட்தான், புதிது. வேலை இல்லாத நேரத்தில் அதன் ஃபேன் தானாக நின்றுவிடும் என்று அவன் காட்டியபோது, கெட்டுப்போன சாமானைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று ஒரு சண்டைக்கே ஆயத்தமானேன். நீதான் என் கையைப் பிடித்து, "அது அப்பிடித்தான் உம்மா" என்றாய்.

என் பங்குக்கு நானும் ஒரு பைத்தியம் செய்தேன். டீவிக்கு உறை, ஃபிரிட்ஜுக்கு உறை, மிக்சிக்கு உறை என்று தைக்கிற கை சும்மா இருக்குமா? உப்புக்காற்றும் தூசும் படக்கூடாது என்று, மிஞ்சிய துணியில் ஓரத்துக்கு மினுங்குகிற கல்லும் வைத்துப் பெட்டிக்கு ஒரு உறை தைத்து மாட்டிவிட்டேன். நீ அதைப் பார்க்காமல் ஓட்டியிருக்கிறாய். கொஞ்ச நேரத்தில் புதுப்பெட்டி பழைய பெட்டியைவிட மோசமாக அலறியது. ஓடி வந்து உறையை உருவினாய், அந்தப் பெட்டியின் சூடு என் முகத்தில் அடித்தது. "வா... வாயப் பொத்தினா கத்தும்தானே உம்மா" என்றாய். அது உனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு. பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிப் பெட்டியின் காலுக்கு வைத்தேனே, அந்த யோசனையாவது பலித்தது. தரையில் அதிர்வு இறங்கவில்லை.

கடைசியில் சோதித்துப் பார்த்தோம். பாலமுனை வீடு மாதிரியே உன் அறைச் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு, நான் மாமாவாகப் படுத்தேன். நீ அந்தப் பக்கம் விளையாட்டை ஓட்டினாய். "கேக்குதா?" என்று நீ கேட்டாயாம், பதில் வரவில்லையாம். வந்து பார்த்தால் மாமா நல்ல தூக்கம். பின்னேரம் அஸர் பாங்குக்குத்தான் எழும்பினேன். அல்ஹம்துலில்லாஹ், அப்படியொரு தூக்கம் நான் தூங்கிக் கன காலம். ஆனால் எழும்பியதும்தான் உறைத்தது. நீ அன்று கூட்டாளிகளோடு கதைக்கவில்லை. பெட்டியைச் சத்தமில்லாமல் ஆக்கிவிட்டோம், உன் குரலை என்ன செய்வது? கேட்டேன். "மெ... மெல்லமாக் கதைப்பன்" என்றாய். மெல்லமாகக் கதைக்கும்போதுதான் உனக்குச் சிக்கும், அது எனக்குத் தெரியும். அந்த வீட்டில் நீ அடக்கி அடக்கி, இருந்த ஒரு சனிக்கிழமையும் இல்லாமல் போய்விடுமே என்ற பயத்தோடுதான் உன்னை மாப்பிள்ளையாக அனுப்பினேன்.

நிகாஹ் அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மாமா உன் கையைப் பிடித்துச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்தார். "கபில்து" என்று நீ ஏற்கவேண்டும். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. மைக் வேறு வைத்திருந்தார்கள், உன் மூச்சு மட்டும் வீடு முழுக்கக் கேட்டது. பெண்கள் பக்கத்தில் திரைக்குப் பின்னால் நான் ஓதத் தொடங்கினேன். நிகாஹ் நடத்திய லெப்பை சொல்லை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். மாமா அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாராம், உன் வாப்பா பிறகு சொன்னார். உன் கையை விடாமல், அவசரப்படுத்தாமல், வயலுக்குத் தண்ணீர் வந்து சேரட்டும் என்று வரம்பில் நிற்கிறவரைப் போல நின்றாராம். வந்தது மகன். முழுதாக வந்தது. நான் அழுததை ஸுமையாவின் சாச்சி பார்த்துவிட்டு, மகனைப் பிரிகிற கவலை என்று எனக்கு ஆறுதல் சொன்னாள்.

அதற்குப் பிறகு நான் போன் எடுத்த நேரமெல்லாம் கேட்டேன். "பெட்டி ஓடுதா?" "ஓடுது." "மாமா தூங்குறாரா?" "ம்." "கூட்டாளிமாரோட கதைக்கிறியா?" அதற்கு மட்டும் "ம்" கூட இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதனால்தான் மகன், போன சனிக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் உன் வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். நிந்தவூரில் நிறுத்தி ஒரு தயிர்ச்சட்டி வாங்கினோம். உங்கள் ஃபிரிட்ஜில் இருந்ததே, அது மாமி வாங்கியது என்று நினைத்திருப்பாய். நாங்கள் கொண்டு வந்தது.

கேற்றுக்கு வரும்போதே காதைத் தீட்டிக்கொண்டு வந்தேன். பெட்டியின் சத்தம் துளியும் இல்லை. ஆனால் உன் குரல் ஜன்னலால் வந்து முற்றத்தில் விழுந்தது. "வலப்பக்கம் வாங்கடா! அவன் என்னக் கண்டுட்டான், ஓடுங்க, ஓடுங்க!" மெல்லமாகக் கதைக்கிறவன் குரலா அது? எனக்கு முதலில் சந்தோசம் வரவில்லை, பகீர் என்றது. மாமாவின் தூக்கம்! பார்த்தால் அவர் கட்டிலில் இல்லை. உன் ஜன்னலுக்கு இந்தப் பக்கம், விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். மாமி பக்கத்தில் வெங்காயம் உரிக்கிறார்.

"மன்னிச்சிக்கங்க மச்சான், எழுப்பிட்டான் போல. நான் சொல்றன் அவனுக்கு" என்று அறைப் பக்கம் திரும்பினேன். மாமா கதிரையை விட்டு எழும்பியே விட்டார். "உஷ்! போகாதீங்க மச்சி. ஆரும் போனா நிப்பாட்டிருவாரு."

"உங்கட தூக்கம்?"

"தூக்கத்த சனிக்கிழமையில மட்டும் லுஹருக்கு முந்திப் போட்டுக்கிட்டன். எங்களோட மருமகன் மரியாதயா ரெண்டு சொல்லுதான் கதைப்பாரு. முழுசாக் கதைக்கிறதக் கேக்க எங்களுக்கு இந்த நேரந்தான் கிடைக்கிற." மாமி தலையைக் குனிந்து சிரித்தபடி சொன்னார். "அந்தப் பெட்டி சத்தம் போட்டா எங்களுக்கு ஒண்டும் கேட்டிரிக்காது. நல்ல காலம், சத்தமில்லாததாக் கொண்டு வந்த."

அந்த நேரம் பார்த்து உன் வாப்பா, தயிர்ச்சட்டியும் கையுமாகப் படியேறி வந்து, "என்ன, ஊட்டுல ஒருத்தருமில்லயா? ஒரு சத்தத்தயும் காணல்ல" என்று உரக்கத் தொடங்கினார். நான் அவர் வாயைப் பொத்தினேன். கையைப் பிடித்து ஜன்னலுக்குக் கீழே கூட்டிப் போய், வலது காது உள்ளே பார்க்கிற மாதிரித் திருப்பி நிறுத்தினேன். உள்ளே நீ எதற்கோ வாய்விட்டுச் சிரித்தாய். பிறகு நீளமாக ஒரு கதை சொன்னாய், யார் எங்கே மறைந்திருந்தான், நீ எப்படி ஏமாற்றினாய் என்று. ஒரு இடத்திலும் சிக்கவில்லை. இடையில் ஸுமையா ஏதோ கேட்க, அவளுக்கும் அதே வேகத்தில் பதில் சொன்னாய். உன் வாப்பா சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

"இது ஆர்ர குரல்?" என்று என்னைக் கேட்டார்.

"உங்கட மகன்ட" என்றேன். மாமா தன் கதிரையை அவருக்குக் கொடுத்தார்.

நீ ஹெட்செட்டைக் கழற்றுவதற்குள் நாங்கள் போய்விட்டோம். சொல்லவேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன், அவர் என்னைப் பொறுக்கட்டும். இத்தனை காலம் கதவுக்கு வெளியே ஒளித்து நின்று கேட்டதெல்லாம் போதும் என்று எனக்குப் பட்டது. ஸுமையாவின் முன்னால் உனக்குச் சிக்காதபோது, இனி யாருக்குப் பயந்து கதவைச் சாத்துகிறாய்? மாதத்துக்கு ஒருமுறை பெட்டியின் முன்வலையைக் கழற்றித் தூசு தட்டு. உப்புக்காற்றுக்கு ஆணிகள் துருப்பிடிக்கும், பார்த்துக்கொள். உறை மட்டும் போட்டுவிடாதே.

வருகிற சனிக்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வருகிறோம். உன் வாப்பா இப்போதே வயலுக்கு வேறு ஆளைச் சொல்லிவிட்டார். நாங்கள் வந்தால் நிறுத்தாதே, எழும்பாதே, ஸலாம் சொல்லக்கூடத் திரும்பாதே. அறைக் கதவைத் திறந்து வைத்து உள்ளே கதிரை போட்டுவிடு. உன் வாப்பாவின் கதிரையை மட்டும் உன் இடது பக்கம் போடு. அப்போதுதான் அவருடைய வலது காது உன் பக்கம் இருக்கும்.

உன் உம்மா